மணக்காத ஆர்க்கிட்

— அக்கா, சத்தியமாச் சொல்றேன், பூ மணக்கவே இல்ல. அதான் உடனே உனக்கு போன் போட்டேன்.

— பதறாதடா. விளக்கெல்லாம் அணைச்சியா? இந்த ஆர்க்கிட் பகல் முழுக்க ஊமையாத்தான் இருக்கும். இருட்டினாத்தான் வாசத்தை விடும்.

— பொழுது சாஞ்சதுமே அணைச்சுட்டேன்க்கா. கண்ணாடிக் கொட்டகைக்குள்ள அரையிருட்டுல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்.

— பூ விரிஞ்சிருக்கா?

— பதினோரு பூவும் வெள்ளை வெளேர்னு விரிஞ்சிருக்கு. மூக்கை உள்ளயே விட்டுப் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல. எட்டு மணிக்கு அந்த சென்ட்டுக்காரர் மோந்து பாக்க வந்துடுவாரே.

— வாசம் இல்லேன்னா ஒரு செடிகூட எடுக்க மாட்டார். ஆறு வருஷமா வளத்ததுடா. தண்ணியை ஊத்தி வேரை அழுக விட்டுட்டியா?

— நீ ஊருக்குப் போனதுலேருந்து வேர் காஞ்ச பிறகுதான்க்கா தண்ணி. என் தலைல பழியைப் போடாத.

— சரி, ராப்பூச்சி ஏதாவது வருதா?

— அதுங்க வேற. மேல் ஜன்னல் வழியா நாலஞ்சு பூந்து பூவையே சுத்துதுங்க. இருட்டுல கன்னத்துல வந்து மோதறப்ப ஈரக்கொலையே நடுங்குது.

— இரு இரு. பூவையா சுத்துது?

— ஆமாங்கறேனே.

— அதுங்க வாசத்தைப் பிடிச்சுத்தான்டா வரும். பூ நல்லா மணக்குது. உனக்குத்தான் மூக்கு செத்துப் போச்சு.

— விளையாடாதக்கா.

— போன வாரம் காய்ச்சல்ல கிடந்தியே. அதுலேருந்துதானே சாப்பாட்டை வாய்ல வைக்க முடியலன்னு என்னைக் குத்தம் சொன்ன?

— அது உன் சமையல் லட்சணம்னு நெனச்சேன். அப்போ பூவுக்கு ஒண்ணும் ஆகலியா? அப்பாடா, இப்பத்தான் உசுரு வந்துச்சு.

— டேய்.

— சொல்லுக்கா.

— கேஸ் தீந்துடுச்சுன்னு சாயங்காலம் சொன்னியே. புது சிலிண்டரை மாட்டினது யாரு?

— நான்தான்.

— கசியுதான்னு எப்படிப் பாத்த?

— எப்பவும் போல மோந்துதான்க்கா பாத்தேன். வாடையே இல்ல.

— என் பொண்ணு எங்க?

— குளிருதுன்னு அழுதாக்கா. அடுப்பு ரூம்லயே படுக்க வச்சு, ஜன்னல் கதவெல்லாம் இறுக்கிச் சாத்திட்டுத்தான் வந்தேன்.