மருமகன் என்கிற கட்டி

ஊசி போடுவதில் எனக்குக் கை லேசு. இதை நானாகச் சொல்லவில்லை சார், மாமாவே சொன்னது. அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் என்பதால் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தையல்காரர், தனிக்கட்டை. நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவர், இன்சுலின் ஊசியைக் கண்டால் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கல்லூரிக்குப் போய்வர அவருடைய கடை மாடியில் தங்கியிருந்த என் தலையில் அந்த வேலை விழுந்தது. தொப்புளுக்கு இடப்பக்கம், எப்போதும் ஒரே இடம். அங்கேதான் வலிக்காதாம். குத்திக் குத்தி அந்த இடம் சிவந்தது, அரித்தது, கடைசியில் எலுமிச்சம்பழம் போலப் புடைத்து மரத்துப்போனது.

அதற்கு மாமா ‘மருமகன்’ என்று பெயர் வைத்தார். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடம் பனியனைத் தூக்கிக் காட்டுவார்.

“போடுற மருந்தையெல்லாம் தின்னுட்டு ஒரு வேலையும் செய்யாம உக்காந்திருக்கான் பாருங்க. மாடியில இவனுக்கு ஒரு அண்ணன் இருக்கான்.”

நானும் சிரிப்பேன். நல்ல நகைச்சுவையை ரசிக்கத்தான் வேண்டும். என் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அப்பாவின் பேன்ட்டை இடுப்பில் பிடிக்கக் கொண்டுவந்த அன்றும் காட்டினார். மறுநாள் வகுப்பே என்னைக் ‘கட்டி’ என்று கூப்பிட்டது, வாத்தியார் உட்பட.

மாமாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். ஒருநாள் நர்ஸம்மா கட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

“ஒரே எடத்துல போட்டா இப்படித்தான் தம்பி, மருந்து ஒழுங்கா ஒடம்புல சேராது. எடத்த மாத்துங்க. ஆனா புது எடத்துல அது முழுசா வேலை செய்யும், இதே அளவ போட்டுடாதீங்க. டாக்டரப் பாத்துக் குறைச்சுக்கிட்டுப் போங்க.”

சொல்வதில் பாதியை மட்டும் காதில் வாங்குவது என் கல்லூரிப் பழக்கம். அந்தப் பாதியை மாமாவிடம் ஒப்பித்தேன்.

“எடத்த மாத்தணுமாம் மாமா.”

“வலிக்குமாடா?”

“கை லேசுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

வலப்பக்கம் போட்டேன், அதே அளவு. மாமா மிஷினில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வியர்த்தது, கை நடுங்கியது, ஒரு சட்டைக்கு முதுகில் பாக்கெட் வைத்துத் தைத்தார். அது அவர் தொழில் சுத்தத்துக்குப் பொருந்தாதது.

“டேய், மிட்டாய் டப்பாவ எடு.”

சர்க்கரை திடீரென்று ரொம்ப இறங்கிவிட்டால் வாயில் போட்டுக்கொள்ள அந்த டப்பா எப்போதும் மிஷின் டிராயரில்தான் இருக்கும். எறும்பு வருகிறதென்று அன்று காலைதான் மாடிக்கு எடுத்துப்போயிருந்தேன்.

“இதோ மாமா,” என்று போனேன். டப்பா கிடைத்தது. படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மிட்டாயைப் பிரித்துத் தின்றேன். ஆரஞ்சு. மிஷின் சத்தம் நின்ற பிறகும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.

விசாரணை என்று நர்ஸம்மாவைத் தொந்தரவு செய்யாதீர்கள் சார். அவர் தெளிவாகத்தான் சொன்னார். அந்த இரண்டாம் பாதியை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டவன் நான்.

என் வாழ்க்கையில் நான் முழுசாகச் செய்து முடித்த ஒரே வேலை இது. பார்க்கத்தான் மாமாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை.