ஐந்தாம் மாடியில் உருளைக்கிழங்கு ரொட்டி

ஓடுகிறேன். முழங்கை வரை மாவு. கதவுப் பிடியைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்கிறது. கையை இழுத்தால் கதவும் கூடவே வருகிறது. வெளியே சைரன். ஏறி இறங்கும் ஊளை. ஏறி இறங்கினால் ஆபத்து. ஒரே சீராக நீண்டால் ஆபத்து நீங்கியது. பல வாரங்களாகத் தொலைக்காட்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு மனப்பாடம். மாவுக் கையோடு ஓடுவது எப்படி என்று மட்டும் சொல்லித் தரவில்லை.

2003 மார்ச். வியாழக்கிழமை. பகல். குவைத்தில், சால்மியாவில், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி.

படிக்கட்டில் எல்லாரும் இறங்குகிறார்கள். குழந்தைகள். தண்ணீர் பாட்டில்கள். பாஸ்போர்ட் பைகள். ஒருவர் கையில் குக்கர், உள்ளே வெந்த பருப்போடு. கீழேயிருந்து காவலாளி மஹ்மூத் கத்துகிறார்.

"யல்லா! யல்லா! சர்தாப்!"

யல்லா என்றால் சீக்கிரம். சர்தாப் என்றால் நிலவறை. மற்ற நாட்களில் கார் நிறுத்தும் இடம். அன்றைக்கு உயிரை நிறுத்தும் இடம். எல்லாரும் அங்கே போகிறார்கள். நான் மட்டும் எதிர்ப்பக்கம் ஏறுகிறேன்.

நாலாம் மாடி ராஜேந்திரன், காரைக்குடிக்காரர், வழியை மறிக்கிறார்.

"அண்ணே! கீழ வாங்க! எங்க மேல போறீங்க?"

"வசந்தா மேல இருக்கா!"

"கையில என்னண்ணே? காயமா?"

"லெஃப்சே!"

அவருக்குப் புரியவில்லை. ஏதோ ரசாயன ஆயுதத்தின் பெயர் என்று நினைத்திருக்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு இரண்டு படியாக இறங்கினார்.

லெஃப்சே ஆயுதம் இல்லை. நார்வேக்காரர்கள் வீட்டில் சுடும் ரொட்டி. உருளைக்கிழங்கில் செய்வது. காகிதம் போல மெல்லியது. வெண்ணெய் தடவி, சர்க்கரை தூவி, பாயாகச் சுருட்டிச் சாப்பிடுவார்கள். என் வீட்டில் போரை ஆரம்பித்தது அதுதான். ஈராக் எல்லையில் நடந்தது அதற்குப் பிறகு.

போருக்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் நான் ஒரு ஆள். பகலில் எண்ணெய்க் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். அதற்காக யாரும் என்னை மதித்ததில்லை. என் போளிக்காக மதித்தார்கள். வசந்தா, என் மனைவி, சமையலை ஒரு கடமையாகச் செய்வாள். போளி என் இலாகா. மாவை எண்ணெயில் ஊற வைத்து, பிசைந்து, மறுபடி ஊற வைத்து, விரலால் தட்டி எடுப்பேன். வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாடிக்கு நெய் வாசம் போகும். ஐந்து மாடிக்குப் போகிறது என்பது என் எண்ணம்.

அந்த ஐந்தாம் மாடியில்தான் ஆர்னே. நார்வேக்காரர், எண்ணெய்க் கிணறு துளையிடும் கம்பெனியில் பொறியாளர். நல்ல உயரம். எதற்கும் குரல் உயராது. ஆண்களில் இது எனக்குப் பிடிக்காத வகை. பிப்ரவரியில் அவருடைய மனைவி ஊருக்குப் போய்விட்டாள். போர் வரும் என்று கம்பெனி எல்லாப் பெண்களையும் அனுப்பியது. மறுநாளிலிருந்து ஆர்னே ரொட்டி சுட ஆரம்பித்தார்.

முதலில் ஒரு தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டியும் வந்தது. வசந்தா ஒரு துண்டை வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். இருபது வருடத் தாம்பத்தியத்தில் என் போளிக்கு அவள் கண்ணை மூடியதில்லை.

"என்னங்க, இந்தச் சீஸ் திரட்டுப்பால் மாதிரியே இருக்கு. ரொட்டி, அடடா, வாயில வச்சதும் காணோம்."

"காணாமப் போறதுக்கு எதுக்குச் சாப்பிடணும்?"

அவள் இரண்டாவதை எடுத்தாள்.

இந்திய வீடுகளிலும் பெண்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். வசந்தாவுக்கும் சென்னைக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். அவள் தங்கைக்கு வளைகாப்பு வேறு. பெட்டி கட்டியாயிற்று. திங்கட்கிழமை காலை சொன்னாள். போகவில்லையாம். காரணம் கேட்டேன். "போகலைன்னா போகலை." அவ்வளவுதான். எனக்குப் புல்லரித்தது. ஏவுகணைக்கு அஞ்சாமல் கணவனுக்காகத் தங்கிய பெண். அலுவலகத்தில் சொன்னேன். மளிகைக் கடையில் சொன்னேன். ராஜேந்திரனிடம் இரண்டு தடவை சொன்னேன். அவருடைய மனைவி முதல் விமானத்திலேயே போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வசந்தா மாலையில் மேலே போனாள். புதன்கிழமையும் போனாள். திரும்பும்போது துப்பட்டாவில் மாவு. "நாளைக்குத் திருப்பிப் போடக் கத்துத் தரேன்னார்" என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவள் தங்கியது எனக்காக இல்லை. ரொட்டிக்காக. அல்லது, அதை எழுதக் கை வரவில்லை, ரொட்டி சுடுகிறவருக்காக.

படித்தவன் பொறாமைப்பட்டால் ஆராய்ச்சியில் இறங்குவான். வியாழக்கிழமை விடுமுறை. அவள் மேலே போனதும் உருளைக்கிழங்கை வேக வைத்தேன். அவன் சுடுவதைவிட நல்ல லெஃப்சே சுட்டு, ஐந்தாம் மாடிக்கே கொண்டுபோய் நீட்டுவது திட்டம். உருளைக்கிழங்கை மசித்தேன். ஆவி பறக்கும்போதே மைதாவைக் கொட்டினேன். எண்ணெய் விட்டேன். போளி மாவுக்குப் பிசைவது போல அடித்துப் பிசைந்தேன். போளிக்கு அதுதான் நியாயம். பிசையப் பிசைய இளகியது. மேலும் மைதா போட்டேன். மேலும் இளகியது. பிறகு கோந்தானது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. குழாயைத் திறக்க முடியவில்லை.

அப்போதுதான் சைரன்.

ஐந்தாம் மாடி. மணியை அழுத்துகிறேன். விரல் பொத்தானில் ஒட்டிக்கொள்கிறது. மணி நிற்காமல் அடிக்கிறது. வெளியே சைரன், உள்ளே மணி, நடுவில் நான். கதவு திறக்கிறது. ஆர்னே. பின்னால் சமையலறை. புகைவிசிறி ஓடுகிறது. ஜன்னல் முழுக்க, விஷவாயு புகாமல் இருக்க, பழுப்பு நாடா ஒட்டிய பிளாஸ்டிக். வட்டக் கல்லின் முன்னால் வசந்தா, கையில் நீளமான தட்டைக் குச்சி.

"சைரன் அடிக்குது! வா!"

"கேக்குது. இதைத் திருப்பிட்டு வரேன். கருகிடும்."

"நாமளே கருகப் போறோம்!"

தூரத்தில் ஒரு சத்தம். டும். மாடியிலிருந்து அரிசி மூட்டையைக் கீழே போட்டது போல. ஜன்னல் பிளாஸ்டிக் உப்பி அடங்கியது. குச்சி அவள் கையில் ஆடவில்லை. ரொட்டியின் அடியில் நுழைத்தாள். தூக்கினாள். உருட்டினாள். மறுபக்கம் விழுந்தது, ஒரு மடிப்பு இல்லாமல். அந்த நொடியில்கூட நான் பார்த்தது ரொட்டியைத்தான். மேலே பழுப்புப் புள்ளிகள். சீராக. என் போளிக்கு அப்படி விழுந்ததில்லை.

பிறகு மேஜையைப் பார்த்தேன். இரண்டு தட்டுகள். இரண்டு கத்திகள். மடித்த துணிகள் இரண்டு. இதுவும் நடக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன். சாகப் போகிற நேரத்தில் எனக்குத் தோன்றியது அதுதான்.

ஆர்னே அடுப்பை அணைத்தார். சுட்ட அடுக்கைத் துணியால் மூடித் தூக்கினார். வெண்ணெய்ப் பொட்டலத்தையும் எடுத்தார். மூவரும் இறங்கினோம்.

நிலவறை. கார்களுக்கு நடுவே பாய்கள். டீசல் வாடை. ஒருவர் காதில் ரேடியோ. அரபியில் யாரோ ஓதுகிறார். ராஜேந்திரனின் உதடுகள் கந்தனை அழைக்கின்றன. இன்னொரு டும். இந்த முறை இன்னும் தூரத்தில். குழந்தைகள் அழ ஆரம்பிக்கின்றன. வசந்தா துணியை விலக்கி ஆளுக்கு ஒரு ரொட்டி கொடுக்கிறாள். அழுகை நிற்கிறது. ஒவ்வொன்றாக.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்கிறார் ராஜேந்திரன், வாய் நிறைய. "உங்க போளியவிட இது…"

"முடிக்காதீங்க."

ஆர்னே என் எதிரில் உட்கார்ந்தார். என் கைகளைப் பார்த்தார். ஒரு விரலால் மாவைத் தொட்டார். "சூட்டோடு மைதாவைச் சேர்த்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையாட்டினேன். "ஒரு இரவு முழுக்க ஆற வேண்டும். நானும் முதல் தடவை இப்படித்தான் செய்தேன்." சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. வெண்ணெயை எடுத்து என் விரல்களில் தடவி, மாவை மெதுவாக உருட்டி எடுத்தார். ஒவ்வொரு விரலாக. எதிரியின் கையால் வைத்தியம். கையை இழுத்துக்கொள்ளவும் முடியாது. ஒட்டியிருந்தது.

அவர் கை துடைக்கத் துணி தேடிப் போனதும் வசந்தாவிடம் கேட்டேன். நிலவறையில் கேட்கிற கேள்வி இல்லை. ஆனால் வேறு இடம் கிடைக்குமா என்று தெரியாது.

"ரெண்டாவது தட்டு உனக்கா?"

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்குங்க தட்டு? நான் கல்லுகிட்டயே நின்னு தின்னுட்டு வரேன். அது அவங்க பொண்டாட்டிக்கு. தினமும் வைக்கிறாரு. சாப்பிட்டு முடிச்சதும் அந்தத் தட்டையும் கழுவுறாரு. அழுக்கே ஆகாத தட்டை."

ரேடியோக்காரர் கையை உயர்த்தினார். எல்லாரும் அடங்கினோம். ஒன்றுமில்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"முதல்ல, ஞாயித்துக்கிழமை, ரொட்டித் தட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். அன்னிக்கு இதைப் பாத்தேன். அன்னிக்கே டிக்கெட் வேண்டாம்னு ஆயிடுச்சு. அந்த மனுஷன் ரெண்டு தட்டாவது வைக்கிறாரு. நான் போனா நீங்க ஒரு தட்டுகூட எடுக்க மாட்டீங்க. வாணலியிலேயே சாப்பிட்டுட்டு, அதையும் ஊற வச்சுட்டுப் படுத்துருவீங்க."

நான் வாயைத் திறந்தேன். அவள் மீதியிருந்த ரொட்டியைப் பிய்த்து என் வாயில் போட்டாள். கைகள் இரண்டும் வெண்ணெயில் இருந்ததால் தடுக்க முடியவில்லை. வாயில் வைத்ததும் காணோம். உண்மைதான். சொல்லவில்லை.

சைரன் ஒரே சீராக நீண்டது. ஆபத்து நீங்கியது. பாய்களைச் சுருட்டினோம்.

அதற்குப் பிறகும் பல தடவை இறங்கினோம். பகலிலும் இரவிலும். அடுத்த வாரம் ஆர்னேயின் கம்பெனி தன் ஆட்களை சவூதி எல்லை வழியாக பஸ்ஸில் அனுப்பியது. அவர் பிறகு குவைத்துக்குத் திரும்பவில்லை. மனைவியிடம் போய்ச் சேர்ந்ததாக ஒரு தபால் அட்டை வந்தது.

இழப்புகளைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் உயிர்ச்சேதம் இல்லை. மற்ற இடங்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. என் வீட்டுக் கதவுப் பிடி, மாவு காய்ந்து இறுகியதால் உடைக்க வேண்டி வந்தது. ஐந்தாம் மாடி அழைப்பு மணியும் போயிற்று. போளியின் மேல் கட்டடத்துக்கு இருந்த பக்தி போயிற்று. வசந்தா இழந்தது தங்கையின் வளைகாப்பு. அந்தத் தங்கை ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை. ஆட்களில் ஒருவர் போனார். ஆர்னே. உயிரோடுதான்.

நான் இழந்ததில் பெரியது ஒன்று. "என் பெண்டாட்டி எனக்காகத் தங்கினாள்" என்று முழுசாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை. எனக்காகத்தான் தங்கினாள். ஆனால் தங்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டியது அவன் மேஜை. பாதிப் பெருமை அந்த நெட்டையனுக்குச் சேர வேண்டும். இத்தனை வருடம் ஆகிறது. இன்னும் கொடுக்க மனம் வரவில்லை.