படகோட்டியின் அஞ்சாவது வரி

மாமியார்: ...என் புள்ள குரலெல்லாம் உடையாது. நீ அந்த நோட்டீஸ வச்சு விசிறாத, என் மூஞ்சியில அடிக்குது.

மருமகள்: உடையும்னு நான் சொல்லவே இல்லியே அத்தே. தண்ணி வேணுமான்னுதான் கேட்டேன்.

மாமியார்: கேட்ட விதம் அப்படி இருந்துச்சு.

மருமகள்: தண்ணி கேக்குறதுல என்ன விதம்?

மாமியார்: முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரா குப்ப கொட்டினவ நான். யார் குரல் எங்க நடுங்குதுன்னு எனக்குத் தெரியாதா?

மருமகள்: வெயில் அத்தே. மணி அஞ்சாகப் போகுது, இன்னும் மண்டையப் பொளக்குது. ஏரிக்கரையில இப்படிப் பொட்டல் புல்வெளியிலயா மேடை போடுவாங்க? மரத்தடியா பாத்துப் போடக் கூடாதா?

மாமியார்: மரத்தடின்னா காக்கா மேல எச்சம் போடும். ...நாடகத்துல இடைவேளை முடிஞ்சதும் அவன் பாட்டுதானே?

மருமகள்: ஆமா. படகோட்டி கரையில நின்னு அக்கரையில இருக்கிறவளக் கூப்பிடுறது.

மாமியார்: நாலு வரி தரையில. அஞ்சாவது வரி உச்சியில.

மருமகள்: அந்த அஞ்சாவது வரிதான்...

மாமியார்: அதுக்கு என்ன?

மருமகள்: ஒன்னுமில்ல.

மாமியார்: வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு முழுங்காத. சொல்லு.

மருமகள்: லிப்ட் ரிப்பேர் பாக்கப் போற எடத்துல, அந்தக் குழிக்குள்ள நின்னு பாடுனா அவருக்கு அது தானா வருது. நாலு சுவரும் சேந்து பாடுதுல்ல. இங்க சுவர் ஏது? நாலு ஒத்திகையிலயும் அந்த எடம் வந்ததும்...

மாமியார்: கிரீச்சுன்னுச்சு. நானும் அங்கதானே உக்காந்திருந்தேன்.

மருமகள்: இன்னைக்கும் உடைஞ்சா இனிமே குளிக்கிறப்போ கூடப் பாட மாட்டேன்னுட்டுப் போயிருக்காரு.

மாமியார்: என்கிட்டயும் அதையேதான் சொன்னான். சொல்லட்டும். உடையாது. எழுதி வச்சுக்கோ.

மருமகள்: எப்படி அத்தே இவ்ளோ அடிச்சுச் சொல்றீங்க?

மாமியார்: பெத்தவளுக்குத் தெரியாதா? ஏன், உனக்கு சந்தேகமா?

மருமகள்: எனக்கா! எனக்கு துளி சந்தேகம் கிடையாது. கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா?

மாமியார்: அப்புறம் எதுக்கு உன் மருந்துக் கடையில பாதிய அவன் தொண்டையில கொட்டின?

மருமகள்: ரெண்டே ரெண்டு மாத்திர. சப்புறது. நீங்க மட்டும்? காலையிலேருந்து ஏழு தம்ளர் வெந்நி. மனுஷன் மேடையில நிப்பாரா, இல்ல...

மாமியார்: சீ, பேச்சப் பாரு! ...பின்னாடி அவனோட ஆளுங்கல்லாம் வந்திருக்காங்க போல?

மருமகள்: மொத்த லிப்ட் கம்பெனியும். முதலாளி மடக்கு நாற்காலியோட வந்திருக்காரு.

மாமியார்: நல்லது. நாலு பேர் பாக்கட்டும். ...எட்டாங்கிளாஸ்ல அவனுக்குக் குரல் உடைஞ்சுது, தெரியுமா?

மருமகள்: எல்லாருக்கும்தானே உடையும்.

மாமியார்: ஆண்டு விழாவுல என் கூட்டுப் பாட்டு. கெடுத்துடுவானோன்னு பயம். அவனக் கடைசி வரிசையில நிக்க வச்சு, வாய மட்டும் அசைடா, சத்தம் வரக் கூடாதுன்னுட்டேன். பெத்த புள்ளைகிட்ட... அசைச்சான். அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம் யார் முன்னாடியும் பாடவே இல்ல.

மருமகள்: என்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லையே...

மாமியார்: அவன் சொல்ல மாட்டான். எனக்குத்தான் நெஞ்ச அறுக்குது. இன்னைக்கு மட்டும் அவன் ஜெயிச்சுட்டான்னா போதும் எனக்கு.

மருமகள்: ஜெயிப்பாரு அத்தே. ...அங்க பாருங்க, மியூசிக் மாஸ்டர் வந்து கீபோர்டுல என்னமோ அமுக்கிட்டுப் போறாரு.

மாமியார்: அமுக்கட்டும் அமுக்கட்டும். பெரிய வித்துவான், அவருக்குத் தெரியாததா... அந்தக் கீபோர்டு பொண்ணும் என்னமோ அமுக்குதே?

மருமகள்: அமுக்கட்டும் அத்தே. நல்ல பொண்ணு.

பின்வரிசைக்காரர்: ஏங்க, ஆரம்பிச்சாச்சு. கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?

மருமகள்: வந்துட்டாரு... ஐயோ, துடுப்பத் தலகீழாப் பிடிச்சிருக்காரு!

மாமியார்: யாருக்குத் தெரியப் போகுது. இரு... மியூசிக்... என்ன இது?

மருமகள்: எது?

மாமியார்: சுருதி. இவ்ளோ கீழயா ஆரம்பிக்கும்?

மருமகள்: கொஞ்சம் கீழதான்... அதனாலென்ன, உச்சி சுளுவா எட்டும்ல?

மாமியார்: கொஞ்சமா? ரெண்டு கட்ட! முழுசா ரெண்டு கட்ட எறங்கியிருக்கு!

மருமகள்: ரெண்டா? ஒன்னுதானே...

மாமியார்: என்ன ஒன்னு?

மருமகள்: ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல.

பின்வரிசைக்காரர்: என்னங்க, பாடுறாரா முணுமுணுக்குறாரா? ஒரு எழவும் கேக்கல.

மாமியார்: பாடுறான்! காத நல்லாத் திறந்து வச்சுக் கேளுங்க.

மருமகள்: கேக்கலதான் அத்தே. கெணத்துக்குள்ள விழுந்தவர் கூப்பிடுற மாதிரில்ல இருக்கு... ஐயோ, நிறுத்திட்டாரு!

மாமியார்: மறந்துட்டானா?

மருமகள்: இல்ல. சிரிக்கிறாரு. மியூசிக்காரங்க பக்கம் திரும்புறாரு...

மாமியார்: என்ன சொல்றான்? எனக்கு எட்டல.

மருமகள்: "ஆத்துல தண்ணி இப்படி வத்திக் கெடந்தா படகு எப்படிப்பா ஓடும்? பழைய மட்டத்துக்கு ஏத்துங்க"ங்கிறாரு!

மாமியார்: ஏத்தச் சொல்றானா? பழையபடிக்கா? அவனுக்கென்ன பைத்தியமா!

மருமகள்: எல்லாரும் சிரிக்கிறாங்க. நாடகத்துல வர்ற வசனம்னே நெனச்சுட்டாங்க.

மாமியார்: அந்த மாஸ்டர் ஏன் இங்கயே மொறைக்கிறாரு...

மருமகள்: உங்களையா?

மாமியார்: என்னைய எதுக்கு? பின்னாடி யாரையாவதா இருக்கும். அந்தக் கீபோர்டு பொண்ணு உன்னப் பாத்துக் கையப் பெசையுதே?

மருமகள்: நம்ம கடைக்கு மருந்து வாங்க வர்ற பொண்ணு. பழக்கம்... ஷ்ஷ், ஆரம்பிச்சுட்டாரு.

மாமியார்: பழைய சுருதிதான். போச்சு.

மருமகள்: இல்ல அத்தே, கேளுங்க. கடைசி வரிசை வரைக்கும் போகுது.

மாமியார்: மூணாவது வரி... நீ பிடிச்சிருக்கிறது என் கட்டைவிரல், வலிக்குது.

மருமகள்: விட மாட்டேன். நாலாவது...

மாமியார்: மூச்சு எடுத்துட்டான். நல்லா எடுத்துட்டான். இப்போ...

மருமகள்: ...

மாமியார்: ...

மருமகள்: அத்தே...

மாமியார்: இரு, இன்னும் எறங்கல. நீட்டுறான்... நீட்டுறான் பாரு... ஏரியத் தாண்டிப் போகுது!

மருமகள்: உடையல!

மாமியார்: உடையவே இல்ல!

பின்வரிசைக்காரர்: அடேயப்பா! யாருங்க இவரு?

மாமியார்: என் பையன்.

மருமகள்: என் வீட்டுக்காரர்.

பின்வரிசைக்காரர்: உக்காருங்கம்மா ரெண்டு பேரும், மேடை மறைக்குது.

மருமகள்: லிப்ட் கம்பெனி விசிலடிக்கிறதப் பாத்தீங்களா? முதலாளி நாற்காலி மேல ஏறி நிக்கிறாரு! ...அத்தே, அழுறீங்களா?

மாமியார்: அழுறேன். அழக் கூடாதா? இருபத்தஞ்சு வருஷத்துக்கும் சேத்து அழுறேன்.

மருமகள்: நானும்தான். ...இவர் கொரலுக்குப் போய் பயந்தோம் பாருங்க.

மாமியார்: பயந்தோமா? உனக்குத்தான் துளி சந்தேகம் இல்லையே?

மருமகள்: உங்களுக்கும்தான் இல்ல.

மாமியார்: ம்... நாடகம் முடிஞ்சதும் வேஷத்தக் கூடக் கலைக்காம நேரா இங்கதான் வருவான். யார் சுருதிய எறக்கச் சொன்னதுன்னு கேப்பான்.

மருமகள்: நமக்கு எப்படித் தெரியும்னு சொல்லிடலாம்.

மாமியார்: சொல்லலாம். ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்.

மருமகள்: நான் சொல்றேன், சரி... நீங்க எதுக்கு அத்தே சமாளிக்கணும்?

மாமியார்: நேத்து சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்குப் போய், அவனுக்குத் தெரியாம எறக்கிடுங்கன்னு கையப் பிடிச்சுக் கெஞ்சிட்டு வந்தேன். ஆனா நான் கேட்டது ஒரே ஒரு கட்டதான். இன்னொரு கட்ட எங்கேருந்து எறங்குச்சுன்னு அந்தக் கீபோர்டு பொண்ணக் கூப்பிட்டுக் கேக்கவா, இல்ல நீயே சொல்லிடுறியா?