எரியாத சொட்டு

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதைச் செய்வதில்லை. பாட்டிலின் முனை இமையில் இடிக்கும், மூடி தரையில் உருளும், அதை எடுத்து அப்படியே மூடி வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை, டாக்டர். நீங்கள் முதல் நாள் சொல்லிக்கொடுத்தபடிதான் கடைசிவரை செய்தேன். கீழிமையை மெல்ல இழுத்து ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திக்கொள்ள வேண்டும்.

அந்தக் கொஞ்ச நேரம்கூட அம்மாவால் சும்மா உட்கார முடியாது. சேலையூரில் எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. ஜெபத்துக்கு எப்படியும் கண்ணை மூடத்தானே வேண்டும் என்று மருந்தையும் ஜெபத்தையும் அவரே ஒன்றாக்கிவிட்டார். நாற்காலியில் சாய்ந்ததுமே கண்ணை மூடிக்கொள்வார். இமையைத் திறந்து சொட்டு விடுவது என் வேலை. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பார்ப்பதுதான் அம்மாவின் தொழில். ரத்தினபாய் டீச்சர் என்றால் தாம்பரத்தில் பலருக்கு இன்றைக்கும் பயம். பரீட்சை ஹாலில் கடைசி பெஞ்சுப் பையன் தொடைக்கடியில் வைத்திருக்கும் பிட்டை வாசலில் நின்றே கண்டுபிடிப்பார். "என் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் நடக்காது" என்பார். வீட்டிலும் அதே கண்தான்.

இருபத்தேழு வயதில் நான் சிவகுமாரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டேன். என்னோடு வேலை பார்த்தவர், கீழ்க்கட்டளைக்காரர், இந்து. அம்மா கத்தவில்லை. ஒரு வாரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புல பார்த்தேன் ஜோ. வேற ஒருத்தியை பைக்ல ஏத்திட்டுப் போறான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அந்தக் கண்ணை நம்பாமல் வேறு எதை நம்புவது? சிவகுமாரும் அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை, வேலையையும் மாற்றிக்கொண்டார். அதனால் உண்மை என்றே எடுத்துக்கொண்டேன். அப்புறம் வந்த வரன்கள் ஒவ்வொன்றிலும் அம்மாவின் கண்ணுக்கு ஏதோ ஒரு குறை தெரிந்தது. தம்பி ஜெஃப்ரி கல்யாணம் செய்துகொண்டு கனடா போனான். நான் அம்மாவோடு இருந்துவிட்டேன்.

போன வருஷம் கோவளத்தில் மீன் வாங்கப் போனபோது சிவகுமாரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, கையில் வஞ்சிரம். தயங்கித் தயங்கி வந்து, ரொம்ப அக்கறையாக, "இப்பல்லாம் ஃபிட்ஸ் வர்றதில்லையே ஜோசலின்?" என்று கேட்டார்.

எந்த ஃபிட்ஸ் என்றேன்.

"உங்கம்மா எங்க வூட்டுக்கு வந்து சொன்னாங்களே. சின்ன வயசுலேர்ந்தே காக்கா வலிப்பு, கல்யாணம் பண்ணா உயிருக்கே ஆபத்துன்னு. எங்ககிட்ட சொன்னது உனக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சுடும்னு அழுதுகினு எங்கம்மாகிட்ட சத்தியம் வாங்கினாங்க." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்ப, அது... இல்லியா?"

எனக்கு ஜுரம்கூட அடிக்கடி வந்ததில்லை, டாக்டர்.

மீனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். கழுவி, மசாலா தடவி, பொரித்தும் வைத்தேன். சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அம்மாவின் இமையைத் திறந்தேன். அவர் வழக்கம்போல ஜெபத்தை ஆரம்பித்தார். "என் மகளை வழி தப்பாம காத்தீரே, ஸ்தோத்திரம் ஆண்டவரே." தினமும் சொல்லும் வரிதான். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்தில் குறி தவறி, சொட்டு கன்னத்தில் விழுந்தது. அம்மா துடைத்துக்கொண்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். நான் இன்னொரு சொட்டு விடவில்லை.

அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. கத்தித் தீர்க்கிற கோபமாக இருந்திருந்தால் அம்மாவின் கண் தப்பித்திருக்கும்.

கண்ணுக்குள் பிரஷர் ஏறும் இந்த க்ளாக்கோமாவில் வலி தெரியாது, பார்வை ஓரத்திலிருந்து குறையும், போன பார்வை திரும்பாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பயப்படுத்துவதற்காகச் சொன்னீர்கள். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டர் பார்த்துக் கண் உலர்ந்துபோவதற்கு நான் போடும் சொட்டு ஒன்று உண்டு, கெடுதல் இல்லாதது. அம்மாவின் பாட்டிலில் அதைத்தான் நிரப்பினேன்.

"இப்பல்லாம் எரியவே இல்லடி" என்றார் அம்மா.

"புது கம்பெனிம்மா."

"ஸ்தோத்திரம்" என்றார்.

செக்கப்புக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் உண்மையான மருந்தை விடுவேன். அதனால்தான் பிரஷர் சரியாக இருந்தும் கண் நரம்பு ஏன் கெடுகிறது என்று உங்களுக்குப் பிடிபடவில்லை. மருந்தை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று நீங்கள் கேட்டபோது அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "என் பொண்ணு ஒருவேளைகூட தவறவிட மாட்டா" என்றார். உங்கள்மேல் தவறில்லை.

போன வாரம் நான் ஆபீஸில் இருந்தபோது, அம்மா பக்கவாட்டில் இருந்த கதவில் மோதிக்கொண்டார். கீழ்வீட்டு ஹேமாவதி அக்கா நேராக உங்களிடம் அழைத்து வந்துவிட்டார். செக்கப் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிரஷர் எகிறியிருந்தது. பாட்டிலைக் கொண்டு வரச் சொன்னீர்கள், கொண்டு வந்திருக்கிறேன். ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். வலது கண் முழுக்கப் போய்விட்டது, இடது கண்ணில் குழாய்க்குள் பார்ப்பது போலக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னது எனக்குப் புதிய செய்தி இல்லை. தட்டின் எந்தப் பக்கம் வைத்த கறி தொடாமல் கிடக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது அம்மா என் தோளைப் பிடித்துத்தான் நடக்கிறார். எதைப் பார்த்தாலும் இது என்ன என்று என்னைக் கேட்கிறார். நானும் பொறுமையாகச் சொல்கிறேன். ஒருதடவைகூடப் பொய் சொன்னதில்லை.

நீங்கள் போலீஸுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள். நாளையிலிருந்து வேறு யாராவது அம்மாவுக்கு மருந்து விட வேண்டியிருந்தால், தயவுசெய்து முதலில் கையைக் கழுவச் சொல்லுங்கள். அந்தக் கண்ணை என் அளவுக்குப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது.