வெனுஸ்தஸ் கல்லறைக்கு வழி

கல்லறையா? அந்த அத்திமரத்துக்கு அப்பால. மொதல்ல நிழல்ல உக்காருங்கய்யா. வெனுஸ்தஸைத் தெரியுமாவா? தெரியும், தெரியும். அதுக்கு முன்னாடி என் லட்சணத்தைக் கேளுங்க.

எனக்கு ஊரு இந்தக் கார்த்தேஜ்லேர்ந்து உள்ள தள்ளி, ஒலிவத் தோப்புப் பக்கம். அங்க கிறிஸ்தவ சபையில முன்வரிசை எனக்கு. நான் ஜெபம் பண்ணினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். சிங்கத்துக்கிட்டப் போட்டாலும் சிரிச்சுக்கிட்டே சாவேன்னு பேசினவன். அப்பத்தான் ரோமாபுரி ராயர் உத்தரவு வந்துச்சு. எல்லாரும் அவங்க சாமி சிலை முன்னாடி ஒரு சிட்டிகை தூபம் போட்டுட்டு, போட்டதுக்கு அத்தாட்சியா சீட்டு வாங்கணும்னு. கேட்டதுமே வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. மூணு நாள். நிஜமாத்தான்.

போட்டா நரகம், போடாட்டி ஜெயிலு. அப்ப வேலை செஞ்சுது பாருங்க என் மூளை. என் அடிமை மிக்கினைக் கூப்பிட்டேன். இந்தாடா, என் அங்கியப் போட்டுக்க, கார்த்தேஜ்ல நம்ம மூஞ்சி யாருக்கும் தெரியாது, என் பேரச் சொல்லித் தூபத்தப் போட்டுட்டு சீட்டோட வந்துருன்னேன். சரிங்க ஆண்டேன்னான். அங்கி என்னைவிட அவனுக்குத்தான் எடுப்பா இருந்துச்சு. அதுல வேற எனக்கு எரிச்சல்.

ஆமா, அவனும் சபைக்கு வர்றவன்தான். கடைசி வரிசை. அவனுக்குப் பாவம் சேராதாவா? எனக்கு அது தோணவே இல்லய்யா.

பத்து நாளாச்சு, ஆளைக் காணோம். அங்கியோட ஓடிட்டான்னு திட்டிக்கிட்டே தேடி வந்தேன். சந்தையில சொன்னாங்க. அதிகாரி முன்னாடி நின்னு, என் பேரச் சொல்லி, நான் கிறிஸ்தவன், போட மாட்டேன்னுட்டானாம்.

உண்மையச் சொல்லிரணும்னுதான் ஜெயில் வாசலுக்குப் போனேன். சத்தியமா. காவக்காரன் யாருடா நீன்னான். வாயி தானா மிக்கின்னு சொல்லிருச்சு. ஓ, அடிமையா, உன் ஆண்டை இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்குறாரு, போய்ப் பாருன்னு உள்ள விட்டான்.

முதுகெல்லாம் கிழிஞ்சு குப்புறக் கெடந்தான். என்னைப் பாத்துட்டு, காவக்காரனுக்குக் கேக்காம, சீட்டு வாங்க முடியல ஆண்டே, கோவிச்சுக்காதீங்கன்னான்.

மறுநாள் போயிட்டான். விசுவாசத்துக்காகச் செத்த இரத்தசாட்சின்னு சொல்லி, சபைக்காரங்க வெனுஸ்தஸ்னு கல்லுல செதுக்கினாங்க. பக்கத்துலதான் வெளக்கப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அது என் பேரு.

ஊருக்கு எப்படிப் போறது? போனா, சாகாத இரத்தசாட்சிய வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க? இங்கேயே பெருக்கிக்கிட்டு, வெளக்குக்கு எண்ணெ ஊத்திக்கிட்டுக் கெடக்கேன். எல்லாரும் மிக்கின்னுதான் கூப்பிடுறாங்க. ரெண்டாவது தடவ கூப்பிட வைக்கிறதில்ல.