நாலு மணி மஃரிப்

லோஜினி: மெதுவா ஜுமானாக்கா. சுஹைரா உம்மா இப்பதான் தேத்தண்ணி குடிக்கிறா.

ஜுமானா: நோன்பு பிடிச்ச மனுசி நாலு மணிக்கு எப்படித் தேத்தண்ணி குடிக்கிறா? இண்டைக்கு என்ட முறை இல்லாட்டியும், நோன்பு திறக்கக் கஞ்சி குடுப்பம் எண்டு கிண்ணியாவில இருந்து காவிக்கொண்டு வாறன். வாசல்ல நிக்கேக்க வீட்டுக்குள்ள தொழுகைப் பாங்கு கேக்குது.

லோஜினி: போன்ல போட்டனான்.

ஜுமானா: பொழுதுபடுற மஃரிப் எண்டு சொல்லியா?

லோஜினி: ஓம். கண் தெரியாது, கட்டிலை விட்டு இறங்க ஏலாது. பொழுது பட்டிட்டு எண்டு சொன்னன்... நம்பிட்டா.

ஜுமானா: யா அல்லாஹ். ஆறேகாலுக்குக் கடக்கரைப் பள்ளியில உண்மையான பாங்கு கேக்குமே?

லோஜினி: அது இராத்தொழுகை, இஷா எண்டுவன்.

ஜுமானா: உண்மையான இஷாவுக்கு?

லோஜினி: ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைப்பன்.

ஜுமானா: எல்லாம் யோசிச்சுத்தான் செய்திருக்கிறாய்.

லோஜினி: யோசிக்க ஆர் நேரம் தந்தது? மூண்டரைக்கு ரத்தத்தில சீனி ஐம்பத்திநாலு அக்கா. கை நடுங்குது, கதை குழறுது. டொக்டர் நோன்பு வேண்டாமெண்டார். மௌலவியும் வந்து, நோயாளிக்குக் கடமையில்லை எண்டிட்டுப் போனார். கேட்டாவா? நான் நேர்ஸ். பாத்துக்கொண்டிருக்க ஏலாது.

ஜுமானா: புருசன் மௌத்தாகி அடக்கம் செய்த வருசமும் நோன்பை விடாத மனுசி. அவட நோன்பை நீ களவெடுத்துப்போட்டாய்...

சுஹைரா உம்மா: ஆரு, ஜுமானாவா? நீயும் திறந்திட்டியா மகள்?

ஜுமானா: ...நீங்க குடிங்க உம்மா.

லோஜினி: பெரிய உபகாரம் அக்கா.

ஜுமானா: உனக்காக இல்லை. எங்கட நேர்சிங் ஒஃபிசுக்குச் சொல்லத்தான் போறன்.

லோஜினி: சொல்லுங்க. என்னில ஏற்கனவே ஒரு முறைப்பாடு கிடக்கு, நாளைக்கே வேலையால நிப்பாட்டுவினம். நிப்பாட்டட்டும்... இருபத்திநாலு மணித்தியாலம் ஒத்தையில நிண்டு எனக்கும் களைச்சுப்போச்சு. ஆனா ஒண்டு கேக்கிறன்.

ஜுமானா: என்ன?

லோஜினி: ஒருநாள் நான், ஒருநாள் நீங்க. ஒரே மனுசி, ஒரே நோன்பு. என்ட நாளில பின்னேரச் சீனி அறுபதைத் தாண்டுறதில்லை. உங்கட நாளில நூற்றிப்பத்து, நூற்றிப்பன்னிரண்டு எண்டு சீனி எழுதுற கொப்பியில வடிவாக் கிடக்கு. டொக்டரும் அதைப் பாத்திட்டு, இன்சுலின் குறைக்கத் தேவையில்லை எண்டிட்டார். நீங்க என்ன செய்யிறனீங்க? சொல்லித் தாங்க. நானும் அப்படிச் செய்திட்டு, இந்தப் பாங்கை அழிச்சுப்போடுறன்.

ஜுமானா: என்னை நக்கலடிக்கிறியா?

லோஜினி: நக்கலுக்கு இல்லை அக்கா. உண்மையாத்தான் கேக்கிறன்.

ஜுமானா: சீனி பாக்க விரல்ல குத்தி ரத்தம் வந்தா நோன்பு முறியுமாம். அப்படி இல்லை உம்மா எண்டு எத்தினை தரம் சொன்னன்... ரெண்டு கையையும் நெஞ்சோட பொத்திக்கொண்டு அழுறா.

லோஜினி: மருந்து பூசுறன் எண்டு பொய் சொல்லித்தான் நான் குத்துறனான். அப்ப... உங்கட நாளில கொப்பியில கிடக்கிறது?

ஜுமானா: ஒருநாளும் குத்தேல்லை. அவவுக்குப் பொய் சொல்ல எனக்கு ஏலேல்லை, லோஜினி. கொப்பிக்குச் சொன்னன்.