இன்றைக்காவது பேச்சைக் கேட்டிருப்பாரா

மூன்று இருபதுக்குப் பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் அதிர்ந்தன. பட்டாசு ஆலைகள் இருக்கும் விஸ்வநத்தம் பக்கம் புகை எழுந்தது. தேவாலய இசை முகாமின் கடைசி நாள் அது. மாலை நிகழ்ச்சிக்கு வந்திருந்த பெற்றோர் எல்லோரும் எழுந்து நின்றோம். என் மகன் கிட்டாரோடு உள்ளே பத்திரமாகத்தான் இருந்தான். ஆனாலும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உள்ளே ஒத்திகை நடந்துகொண்டேயிருந்தது. பக்கத்தில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள்.

“இன்னைக்கு ஒரு நாளாவது அவுக என் பேச்சைக் கேட்டிருக்கணும்,” என்றாள் அக்கா.

“அத்தான் கிட்ட என்னக்கா சொன்னே?”

“மகள் தனியாப் பாடுறா, மத்தியானமே கம்பெனியில சொல்லிட்டுக் கிளம்பிருங்கன்னேன்.”

“அதுக்கு?”

“பாப்போம்னாக. கல்யாணமானதுலருந்து பாப்போம்தான்.”

“வெடிச்சது அவுக கம்பெனிதான்னு யார் சொன்னா?”

“கம்பெனிக்குப் போன் போட்டா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுக்க ஆளில்ல.”

“ஜெனியை வெளிய கூப்பிடவா?”

“வேண்டாம்டி. விவரம் தெரியிற வரைக்கும் அவ பாடிக்கிட்டு இருக்கட்டும்.”

“அத்தான் வந்துருவாருக்கா. உன் பேச்சைக் கேக்காட்டியும் மக பாட்டைக் கேக்க வருவாரு.”

“நீ சும்மா இரு.”

அப்போது ஒருவர் வாசலுக்குள் ஓடிவந்தார். ஒரு கன்னம் மழித்திருந்தது; மறுகன்னத்தில் சோப்பு நுரை. அக்கா அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தாடியோட வராதீகன்னு நீதான சொன்ன,” என்றார் அவர், மூச்சு வாங்க. “சத்தம் கேட்டதும் நீ பயந்துருவேன்னு சலூன்லருந்து பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன்.”